எல்லாக் கொப்புளமும் அம்மை இல்லை, அக்கியும் இல்லை

போன வாரமும் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் தோல் உரிந்து, புண்களின் மேல் காவி அப்பியிருந்தது. முதலில் அம்மை என்று வேப்பிலையில் படுக்க வைத்திருக்கிறார்கள். இறங்கவில்லை என்றதும் அக்கி என்று எழுதியிருக்கிறார்கள். இப்படியே இரண்டு மாதம் போய், புண்ணில் சீழும் வைத்துவிட்டது. தோல் மருத்துவராக இதை எத்தனை முறைதான் பார்ப்பது?

அவருக்கு வந்திருப்பது பெம்பிகஸ் வல்காரிஸ். மேல்தோலின் செல்களை பிரஸ் பட்டன் போல ஒன்றோடொன்று மாட்டி வைத்திருப்பவை டெஸ்மோக்ளின் 1, 3 என்ற புரதங்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள் இவற்றையே தாக்குகின்றன. பிடி விட்டுப்போன செல்களுக்கு நடுவே நீர் கோத்துக்கொள்கிறது. அந்தக் கொப்புளம் தொளதொளவென்று இருக்கும். சட்டை உரசினாலே உடையும். (வயதானவர்களுக்கு விறைப்பாக, லேசில் உடையாமல் வருவது பெரும்பாலும் புல்லஸ் பெம்பிகாய்ட். அதில் மேல்தோல் அடியோடு பிரிகிறது.)

சரி, அக்கி எழுதினால் பலருக்குக் குணமாகிறதே என்பார்கள். அக்கி வைரஸால் வருவது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும், ஒரு நரம்பின் பாதையில், எரிச்சலோடு வரும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானாகவே காய்ந்துவிடும். எழுதினாலும் காயும், எழுதாவிட்டாலும் காயும். சின்னம்மையும் அப்படித்தான், காய்ச்சலோடு வந்து சில நாளில் பொருக்குத் தட்டிவிடும். பெம்பிகஸ் தானாக அடங்காது. வாரக்கணக்கில் புதுப்புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டே இருக்கும். தோல் போன இடம் தீக்காயம் மாதிரி நீரையும் புரதத்தையும் இழக்கும், கிருமிக்கு வழி விடும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்தக் கிருமித் தொற்றுதான். அதன் மேல் காவி மண்ணைப் பூசாதீர்கள், தயவுசெய்து.

பலருக்கு நோய் முதலில் தலைகாட்டுவது வாயில். ஆறாத புண், காரம் வேண்டாம், சோறு விழுங்க முடியவில்லை என்று மாதக்கணக்கில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யவும் அது அவசியம். துளி சதை எடுத்துப் பரிசோதித்தால் நோய் பரவிவிடும் என்ற பயம் வேண்டாம். அந்த பயாப்ஸி இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஸ்டீராய்டு வருவதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். 1980களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா தொடங்கிய பல்ஸ் சிகிச்சை (மாதாமாதம் சில நாள் மட்டும் ஸ்டீராய்டை அதிக அளவில் ரத்தக்குழாயில் ஏற்றுவது) நம் நாட்டில் ஏராளமானோரைக் காப்பாற்றியது. இப்போது, அந்த ஆன்டிபாடிகள் உருவாகக் காரணமான செல்களை அழிக்கும் ரிடுக்சிமாப் ஊசி இருக்கிறது. 2018இல் அமெரிக்காவும் இந்நோய்க்கு அதை அங்கீகரித்தது. ஆனால் புண் ஆறியதும் ஸ்டீராய்டைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பக்க விளைவு பயம் நியாயமானதே. அதற்காக ஒரே நாளில் நிறுத்தினால் நோய் மறுபடி கிளம்பும், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். படிப்படியாகக் குறைப்பது எங்கள் வேலை, எங்களிடம் விடுங்கள்.

கொப்புளத்தை வீட்டில் குத்தாதீர்கள். தளர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள். படுக்கையில் ஒட்டினால் வாழையிலை விரிக்கலாம், எங்கள் வார்டுகளிலும் விரிக்கிறோம். காய்ச்சல் வந்தால் அன்றே வாருங்கள். அப்புறம், இது தொற்றுநோய் இல்லை. அவருக்குத் தனித் தட்டும் திண்ணையும் ஒதுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுங்கள்.