பூனைக்கு சுகர் வந்தா தண்ணிக் கிண்ணத்தை எடுத்துடாதீங்க

சுகர் வந்த பூனை வீட்ல இருந்தா முதல்ல காட்டிக் கொடுக்கறது லிட்டர் ட்ரேதான், அதாவது அது உச்சா போற மணல் தட்டு. உச்சால நனைஞ்ச மணல் எலுமிச்சம்பழ சைஸ்ல ரெண்டு கட்டியா இருந்த இடத்துல உள்ளங்கை அகலத்துக்கு நாலஞ்சு கட்டி, காலைல ரொப்பி வெச்ச கிண்ணம் மத்தியானத்துக்குள்ள காலி. எங்க வீட்டு ஆண் பூனைக்கு 11 வயசுல இப்படித்தான் ஆரம்பிச்சுது, அப்ப வீட்ல பெரியவங்க அக்கறையாத்தான் சொன்னாங்க, "இவ்ளோ குடிச்சா இவ்ளோ உச்சா வரத்தான் செய்யும், ராத்திரில கிண்ணத்தை எடுத்து மேல வெச்சிடு"ன்னு. கேக்க நியாயமா இருக்கும், ஆனா உள்ள நடக்கறது நேர் தலைகீழ். அது குடிக்கறதால போகல, போறதால குடிக்குது.

நம்ம பழைய பேரு நீரிழிவு. இழிதல்னா இறங்குறது. சர்க்கரை வியாதின்னு சொன்னா புத்தி சர்க்கரைலயே நின்னுடுது, நீரிழிவுன்னு சொன்னாதான் உடம்புல இருந்து தண்ணி இறங்கிப் போயிட்டிருக்குன்னு உறைக்குது.

கிட்னி ரத்தத்தை வடிகட்டும்போது தண்ணி, உப்பு, சர்க்கரை எல்லாம் முதல்ல ஒண்ணாத்தான் வடியும். அப்புறம் அந்த நுண்குழாய்ங்க சுவர்ல இருக்கற புரதங்க சர்க்கரையைப் புடிச்சு திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிடும். ஆனா அதுங்களால இவ்ளோதான் தூக்க முடியும்னு ஒரு எல்லை உண்டு. மனுஷங்களுக்கு ரத்த சுகர் சுமார் 180 தாண்டினா மிச்சம் விழ ஆரம்பிக்கும், பூனைக்கு அது 250லேருந்து 300க்குள்ள. மிச்சமான சர்க்கரை குழாய்லயே தங்கி, திரும்பிப் போக வேண்டிய தண்ணியையும் தன்கூடவே புடிச்சு வெச்சுக்கும். நறுக்கின மாங்காய்ல உப்பு போட்டு வெச்சா தண்ணி விடுதே, அதே சவ்வூடு பரவல்தான். அப்படிப் புடிச்ச தண்ணி உச்சாவா போகும், கூடவே சோடியம் பொட்டாசியமும் போகும், ரத்தம் கெட்டிப்படும், மூளை தாகத்தைக் கிளப்பும். இப்ப கிண்ணத்தை எடுத்தா உச்சா நிக்காது, சர்க்கரை அங்கயேதானே இருக்கு, பூனைதான் வத்திப் போகும்.

இதுல இன்னொரு கஷ்டம், பூனை இயல்பாவே தண்ணி குடிக்கறதுல மந்தம். அதோட மூதாதை ஆப்பிரிக்கா, மேற்காசியாவோட வறண்ட இடங்கள்ல திரிஞ்ச காட்டுப்பூனை. அதுக்கு தண்ணியே இரையிலதான், எலி உடம்புல கிட்டத்தட்ட 70 சதவீதம் தண்ணி. குடிக்கற விதமும் மெதுவானது, நாக்கு நுனியால தண்ணி மேல தொட்டு இழுக்கும், தண்ணி ஒரு தூண் மாதிரி எழும்பும், அது விழறதுக்குள்ள வாயை மூடிக்கும். 2010ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேகமான கேமரா வெச்சு இதைப் படம்புடிச்சாங்க, ஒரு செகண்டுக்கு சுமார் 4 தடவை, ஒரு தடவைக்கு 0.14 மில்லி பக்கம். அப்ப 300 மில்லி உள்ள போக ரெண்டாயிரம் தடவைக்கு மேல நக்கணும்! உடம்பு முடியாத ஒரு பூனை இதை ஒரு நாள் முழுக்க செஞ்சிட்டிருக்குன்னு நினைச்சா எனக்கு மனசு தாங்கல.

அதனால கிண்ணத்துல வைக்கறதை விட சாப்பாட்டு வழியாவே தண்ணி போக வைக்கறதுதான் பெரிய உதவி. 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு சாப்பாட்டுல இருக்கறதும் சேத்து தோராயமா 200 மில்லி வேணும், இது சுகர் இல்லாத பூனை கணக்கு. டிரை ஃபுட் 50 கிராம் போட்டா அதுல 5 மில்லி இருந்தாலே அதிகம். பவுச்ல வர்ற ஈரச் சாப்பாடு 200 கிராம் போட்டா 150 மில்லிக்கு மேல தண்ணி அதுலயே வந்துடும், மாவுச்சத்தும் பெரும்பாலும் கம்மி, ரத்த சுகருக்கும் நல்லது. ஆனா இன்சுலின் போடுற பூனைக்கு திடீர்னு சாப்பாட்டை மாத்தினா அதே டோஸ் அதிகமாகி சுகர் ஆபத்தா இறங்கிடும், டாக்டர்கிட்ட சொல்லாம மாத்தவே கூடாது.

மத்தபடி ரெண்டு மூணு இடத்துல அகலமான கிண்ணம், தினம் புதுத் தண்ணி, எல்லாம் தரையில. சுகர் நரம்பைப் பாதிச்ச பூனை பின்னங்காலை மடக்கி குதிகால்ல ஊனி நடக்கும், அதால மேடை மேல தாவ முடியாது. கோழி வேகவெச்ச தண்ணி ஊத்தலாம், உப்பு வெங்காயம் பூண்டு எதுவும் சேராம. வெங்காயமும் பூண்டும் பூனையோட ரத்த சிவப்பணுக்களையே உடைச்சிடும், அதனால குழம்புல இருந்து எடுத்த துண்டு வேணாம். பாலும் வேணாம், நிறைய வளர்ந்த பூனைகளுக்கு அது செரிக்காம வயித்தால போகும், இருக்கற தண்ணியும் போச்சு.

புதுசா வந்த சில மருந்துங்க நான் சொன்ன அந்தப் புரதங்களையே அடைச்சு, சர்க்கரையை வேணும்னே உச்சால தள்ளிவிடுது. அமெரிக்காவுல 2022 டிசம்பர்ல பெக்ஸாக்லிஃப்ளோசின், 2023ல வெலாக்லிஃப்ளோசின்னு பூனைக்கே அனுமதி கிடைச்சுது. ஊசி வேணாம்ங்கறது பெரிய நிம்மதி, ஆனா இதுல தண்ணி எப்பவும் கையெட்டுற இடத்துல இருந்தே ஆகணும், ரத்த சுகர் நார்மலா காட்டும்போதே கீட்டோன் (உடம்பு சர்க்கரைக்கு பதிலா கொழுப்பை எரிக்கும்போது சேர்றது) ஏறி ஆபத்தாகற வாய்ப்பும் இருக்கு.

உடம்புல தண்ணி வத்துதான்னு தெரிஞ்சுக்க, ஈறைத் தொட்டா வழவழப்பா இல்லாம பிசுபிசுன்னு ஒட்டுதா, மலம் கெட்டியா உருண்டையா வருதா, பாருங்க. தோலை இழுத்து விட்டுப் பாக்கறது வயசான மெலிஞ்ச பூனைகிட்ட சரியா வராது, தோலே தளர்ந்திருக்கும். சாப்பாட்டைத் தொடல, வாந்தி, சுருண்டு படுத்திருக்கு, மூச்சுல நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி வாசம்னா அது கீட்டோன் ஏறினதா இருக்கலாம், விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி. தோலுக்கடியில சலைன் ஏத்தறதை வீட்லயே செய்ய டாக்டர் சொல்லிக் கொடுப்பாங்க, அளவு அவங்க சொன்னதுதான், இதயக் கோளாறு இருக்கற பூனைக்கு அதிகமா ஏத்தினா நுரையீரல் பக்கம் நீர் கோத்துக்கும்.

நான் தினம் காலைல அளந்து ஊத்தி, மறுநாள் மிச்சத்தை அளந்து நோட்ல எழுதறேன். ஆரம்பத்துல 480 மில்லி குடிச்சிட்டிருந்தான். குறைஞ்சா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி சாப்பாட்டையும் விளையாட்டையும் பாக்கணும், சோர்ந்து போய் குடிக்காம இருக்கறதும் குறையறதுதானே. இன்சுலினும் ஈரச் சாப்பாடும் ஆரம்பிச்ச அஞ்சாவது வாரம் 130ன்னு எழுதினேன், அன்னிக்கு அவன் தட்டையும் வழிச்சு நக்கிட்டு ஜன்னல் திட்டுக்கு ஒரே தாவல்ல ஏறிட்டான்.