குறுக்கே கிடக்கும் இரண்டு இரும்புகள்

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் 1971ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார். நேரான சாலையிலும் வண்டி இப்படியும் அப்படியும் அலைகிறதாம். புதிதாகப் போட்ட முன்டயர்கள் சில மாதங்களிலேயே உட்பக்க விளிம்பில் மட்டும் வழுக்கையாகிவிட்டனவாம். "வண்டிக்கு ராசியில்லை என்கிறார் என் மாமனார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

ராசி டயரின் இரண்டு விளிம்புகளையும் சமமாகத்தான் தின்னும் என்று நினைக்கிறேன். உள்விளிம்பை மட்டும் தின்பது கோணம்.

பழைய லாரிகளின் முன்புறத்தில் ஒரே இரும்பு உத்தரம் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை போகும். உறுதியானது, ஆனால் இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலது சக்கரமும் சேர்ந்து சாயும். செவ்ரோலெட் நிறுவனம் 1960இலேயே பிக்கப்பின் முன்சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. ஃபோர்டு 1965இல் செய்தது வேறு. உத்தரத்தைக் கைவிட மனமில்லாமல், ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போட்டது. 'ட்வின் ஐ-பீம்' என்று அதற்குப் பெயர்.

இதில் என்னை மயக்குவது அந்த உத்தரங்கள் கிடக்கும் விதம்தான். இடது சக்கரத்தைத் தாங்கும் உத்தரம் வண்டியின் இடப்பக்கச் சட்டத்தில் (சேஸியில்) மாட்டப்படவில்லை. எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போய், வலப்பக்கத்தில் கீல் போட்டுத் தொங்குகிறது. வலது சக்கரத்தின் உத்தரம் இடப்பக்கத்தில். இரண்டும் ஒன்றையொன்று தாண்டிக் கிடக்கின்றன. இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? கதவை நினைத்துப்பாருங்கள். கீலைச் சுற்றி ஆடும் எதுவும் வட்டவில்லில்தான் நகரும். சக்கரம் மேலே ஏறும்போது அதோடு சாயவும் செய்யும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கீலிலிருந்து சக்கரம் வரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 5 சென்டிமீட்டர் ஏறினால் சாய்வு ஏறக்குறைய 2.9 பாகை. அதே உத்தரத்தை வண்டியின் நடுவிலேயே நிறுத்தி அரை மீட்டராக்கியிருந்தால் 5.7 பாகை. எட்டிப்போய்க் கீல் போட்டதில் சாய்வு பாதியாகிவிட்டது. கார் வடிவமைப்பாளர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். மேலும் கீழும் இரண்டு கரங்களை வைத்துச் சாய்வை இன்னும் குறைத்திருக்கலாமே என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அடித்து உருவாக்கிய இரும்பை வைத்துக்கொண்டு, லாரியின் முரட்டுத்தனம் குறையாமல் இவ்வளவு சாதித்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபோர்டின் எஃப்-150 பிக்கப்பில் இந்த அமைப்பு 1996 மாடல் வரை நீடித்தது.

மயக்கியது போதும், இனி டயருக்கு வருவோம். ஐம்பதாண்டு சுமந்த காயில் ஸ்பிரிங் தளர்ந்து வண்டியின் முகம் 3 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது என்றால் என்ன ஆகும்? சட்டத்தோடு சேர்ந்து கீலும் இறங்கும். சக்கரம் சாலையில்தான் இருக்கும். ஆக, சக்கரம் மேலேறியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சுமார் 1.7 பாகை சாய்கிறது. அரைப் பாகை பிசகினாலே பெரிதாகப் பார்க்கிற இடம் இது. வாசகரின் டயர் உட்புறம் தேய்ந்ததற்கு முதல் சந்தேகம் ஸ்பிரிங்கின் மேல்தான். புது ஸ்பிரிங் போட்டும் சாய்வு சரியாகவில்லை என்றால், அந்தக் கால வண்டிகளில் வேறு திருகாணி எதுவும் கிடையாது. ஹைட்ராலிக் கருவி வைத்து உத்தரத்தையே வளைப்பார்கள். குளிர்ந்த நிலையில்தான் வளைக்க வேண்டும். நெருப்புக் காட்டினால் இரும்பின் பதம் போய்விடும்.

வண்டி அலைவது தனி வியாதி. உத்தரத்தின் நுனியில் ஒரு தடித்த எஃகு ஆணி நிற்கிறது. அதைச் சுற்றித்தான் சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறது. அதுதான் கிங்பின். நம் ஊர் லாரிப் பட்டறைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அவர்கள் கை படாத கிங்பின் இல்லை. ஆணியின் மேலும் கீழும் அதைச் சுற்றி உராய்வைத் தாங்கும் வெண்கல புஷ்கள், அதாவது சிறு குழாய்கள். அவற்றுக்கிடையே 15 சென்டிமீட்டர் தூரம் என்று கொள்ளுங்கள். தேய்மானத்தால் அங்கே மொத்தம் அரை மில்லிமீட்டர் ஆட்டம் வந்தால், 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரின் உச்சிக்கும் அடிக்கும் இடையே அது 2.3 மில்லிமீட்டராகப் பெருகும். கையால் பிடித்து ஆட்டினாலே தெரியும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, டயரின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து ஆட்டுங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால், மாமனாரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். பிரேக் பிடித்ததும் டிரம் தன் தாங்கு தட்டோடு இறுகிவிடுகிறது, பேரிங்குக்கு ஆட வழியில்லாமல் போகிறது, அதனால்தான். ராசிக்கு இப்படி ஒரு சோதனை இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை.

ஆணியை மாற்றுவது உடல்வேலை. துருப்பிடித்த பழைய ஆணி சுலபத்தில் இடம்விடாது. நுட்பம் அதற்குப் பின்னால் இருக்கிறது. புது புஷ்ஷை அழுத்தி இறக்கியதும் அதன் துளை சற்றுச் சுருங்கும். நீளமான ரீமரால் (துளையை அளவாகச் செதுக்கும் கருவி) இரண்டு புஷ்களையும் ஒரே நேர்கோட்டில் குடைந்து எடுக்க வேண்டும். தனித்தனியாகக் குடைந்தால் ஆணி ஒருபக்கம் இறுகி, ஸ்டியரிங் தானாகத் திரும்பி வர மறுக்கும். புஷ்ஷின் கிரீஸ் துளையும் வெளித்துளையும் நேருக்கு நேர் வந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் அழுத்திவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் பலர். அந்தப் பட்டியலில் நானும் உண்டு. கிரீஸ் அடிக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கக் கூடாது. எடை அழுத்திக்கொண்டிருந்தால் அடியிலுள்ள பேரிங்குக்குள் கிரீஸ் நுழையாது.

தேய்மானம் என்றதும் ஒரு ஆதங்கம் வருகிறது. 1966இல் பிரிட்டனில் பொறியாளர் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்நாட்டுக்கு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னது. 'டிரைபாலஜி' என்று ஒரு துறைக்கே பெயர் வந்தது அப்போதுதான். இன்றும் ராக்கெட்டுக்குக் கிடைக்கிற கைதட்டல் கிரீஸுக்குக் கிடைப்பதில்லை. ஆய்வுப் பணமும் கைதட்டலின் பின்னால்தான் போகிறது.

கடைசியாக ரப்பர். உத்தரம் முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்துக்கொள்ள, 'ரேடியஸ் ஆர்ம்' என்ற கரம் பின்னோக்கிப் போய்ச் சட்டத்தில் முடிகிறது. முடிகிற இடத்தில் ரப்பர் புஷ். அது பொடிந்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போது உத்தரம் பின்னால் நகர்ந்து வண்டி ஒருபக்கமாக இழுக்கும். உத்தரத்தின் கீலிலும் ரப்பர்தான். இந்தக் கீல் ரப்பர் வழுக்கிச் சுழல்வதில்லை. உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியபடி, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடும். வண்டியை இறக்கியதும் எந்நேரமும் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துபோகும். ஆகவே முதலில் தளர்வாக மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, சில மீட்டர் மெதுவாக முன்னும் பின்னும் உருட்டுங்கள். இறக்கிய உடனே டயர்கள் தரையைக் கவ்விக்கொண்டு கோணலாக நிற்கும். உருண்டால்தான் தம் இடத்துக்கு வரும். அதன் பிறகு கீல் போல்ட்டை இறுக்கலாம். சாய்வுக் கோணத்தை அளப்பதும் அதற்குப் பிறகுதான்.