ஒப்புரவு: அண்ணனும் தம்பியும் மறுபடி சேர்வதற்கு ஒரு நல்ல சொல்

சின்னப் பிள்ளைகள் காய் விட்டால் அடுத்த நாளே பழம் விட்டுக்கொள்வார்கள். பெரியவர்களான பிறகு கூடப்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்தினால் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை, அப்படியே முடிந்தாலும் அதைச் சொல்ல நாம் எடுக்கிற சொற்கள் ராஜி, சமரசம், சமாதானம். ராஜி அரபியிலிருந்து உருது வழியாகக் கோர்ட்டு கச்சேரிப் பேச்சுக்கு வந்தது, மற்ற இரண்டும் வடமொழி. தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: ஒப்புரவு.

பழைய தமிழ் வேதாகமம் படிப்பவர்களுக்கு இது பழகிய சொல்தான். மத்தேயு 5:24-இல், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் "உன் சகோதரனோடே ஒப்புரவாகி", அப்புறம் வந்து செலுத்து என்று இயேசு சொல்கிறார். குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதைக் கத்தோலிக்கர்கள் முன்பு பாவசங்கீர்த்தனம் என்று சொல்லிவந்தார்கள், அதை இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள்.

ஆனால் திருக்குறளில் 22-ஆம் அதிகாரமான ஒப்புரவறிதலைத் திறந்தால் அங்கே சண்டையும் இல்லை, சேர்க்கையும் இல்லை. உலகநடை அறிந்து பிறருக்கு உதவி வாழ்வதுதான் அங்கே ஒப்புரவு. இரண்டு பொருளுக்கும் அடியில் இருப்பது ஒத்தல். ஒத்துப்போவது, ஒப்பிடுவது, ஒப்புக்கொள்வது எல்லாம் அந்தக் குடும்பம்தான். மத்தேயுவில் வரும் கிரேக்கச் சொல்லின் வேரில் 'மாற்றம்' இருக்கிறது, அதாவது பகை நட்பாக மாறுவது. தமிழ்ச் சொல்லில் இருப்பது மேடுபள்ளம் இல்லாமல் ஒத்த நிலைக்கு வருவது. எனக்கு இந்தத் தமிழ்ச் சொல்தான் கூடுதலாகப் பிடிக்கிறது, காரணம் யாக்கோபும் ஏசாவும்.

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தம்பி யாக்கோபு அண்ணனுக்குச் சேர வேண்டிய ஆசீர்வாதத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்டு ஓடிப்போகிறான், இருபது வருஷம் மாமன் லாபான் வீட்டில் கிடக்கிறான். திரும்பி வரும்போது ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று கேள்விப்பட்டு நடுங்கிப்போய், ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை என்று 500-க்கு மேற்பட்ட உருப்படிகளை மந்தை மந்தையாக முன்னால் அனுப்பிவிட்டு, ஏழு தரம் தரைமட்டும் குனிந்து வணங்கிக்கொண்டே போகிறான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொள்கிறான், இருவரும் அழுகிறார்கள். பரிசு எதற்கு, என்னிடம் போதுமானது இருக்கிறது என்று அண்ணன் மறுக்கும்போது தம்பி விடவில்லை. 33:11-இல் "என் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும்" என்று தமிழில் இருக்கும் இடத்தில் எபிரெய மூலத்தில் உள்ள சொல் பெராகா, ஆசீர்வாதம். 27-ஆம் அதிகாரத்தில் அவன் ஏமாற்றி எடுத்துக்கொண்டதும் அதே பெராகாதான். எடுத்ததை அதே பெயர் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறான். வாயால் மன்னிப்புக் கேட்டதாக அந்த அதிகாரத்தில் ஒரு வரியும் கிடையாது! தராசில் தாழ்ந்துபோன தட்டில் இருப்பதை எடுத்து உயர்ந்துபோன தட்டில் வைத்து நேராக்குகிறானே, அதற்கு ஒப்புரவு என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

சரி, மன்னிப்பு? அதற்கும் நம்மிடம் பொறுத்தல் இருக்கிறது. பொறை என்றால் சுமை, பொறுத்தல் என்றால் சுமத்தல். தகப்பன் யாக்கோபு இறந்தபின், முன்பு தம்பி யோசேப்பை அடிமையாக விற்ற சகோதரர்கள் பயந்துபோய் எங்களை மன்னித்துவிடு என்று அவனுக்குச் சொல்லியனுப்பும் இடத்தில் (ஆதியாகமம் 50:17) எபிரெயத்தில் வரும் நாசா என்ற வினைக்கும் தூக்கு, சும என்றே பொருள். இரண்டு மொழியும் ஒன்றையொன்று பாராமலே ஒரே இடத்துக்கு வந்திருப்பதைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஆனால் பொறுப்பதை ஒருவர் தனியாகச் செய்யலாம், எதிராளிக்குத் தெரியக்கூட வேண்டாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும்.

ஒன்றாகக் குடியிருக்க வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. கட்டிப்பிடித்து அழுத அன்றே ஏசா சேயீருக்குத் திரும்பிப் போனான், பின்னாலே வருகிறேன் என்று சொன்ன யாக்கோபு சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்டான். தகப்பன் ஈசாக்கு 180 வயதில் இறந்தபோது இருவரும் வந்து சேர்ந்து அடக்கம் செய்தார்கள்.