காலை வாருவது வேறு, ‘லெக் புல்லிங்’ வேறு

‘ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்’ என்று ஒருவர் சொன்னால், ‘சும்மா கலாய்த்தேன்’ என்று பொருள். தமிழில் காலை வாருவதோ நம்பியவரைக் கவிழ்ப்பது. இரண்டிலும் கால் வருவதால், சக ஊழியர் தனக்குக் குழி பறித்ததை முறையிட வந்தவர் ‘ஹி புல்டு மை லெக்’ என்று மின்னஞ்சலில் எழுதிவிடுகிறார். படிப்பவருக்கு அது ஏதோ விளையாட்டுப் பேச்சு. புகார் அங்கேயே செத்துவிடும்.

நம்மை ஏமாற்றுவது, மற்ற பல தொடர்கள் சரியாகப் பொருந்திவிடுவதுதான். முதலைக் கண்ணீர், வெள்ளை யானை, கைகழுவுவது, முதுகில் குத்துவது எல்லாம் இரு மொழியிலும் ஒரே பொருள். அந்த நம்பிக்கையில்தான் ‘டச் அண்ட் கோ’ என்பதை ‘மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவது’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்தபின் ‘இட் வாஸ் டச் அண்ட் கோ’ என்றால், பிழைப்பாரா மாட்டாரா என்று இழுபறியாக இருந்தது என்று அர்த்தம்.

அடுத்த சிக்கல் வடிவம். ‘அவுட் ஆஃப் தி கொஸ்டின்’ என்றால் ‘அந்தப் பேச்சுக்கே இடமில்லை’. நடுவிலுள்ள ‘தி’யை விட்டுவிட்டால், பழைய வழக்கில் அது ‘சந்தேகத்துக்கு இடமில்லை’ என்றாகிவிடும். ஏறக்குறைய நேர் எதிர்.

செயப்பாட்டு வினையிலும் இதே கண்டிப்பு உண்டு. ‘ஸ்பில் தி பீன்ஸ்’ என்பதை ‘தி பீன்ஸ் வேர் ஸ்பில்டு’ என்று மாற்றலாம். குட்டை உடைத்தான், குட்டு உடைந்தது என்று நாம் இரண்டு விதமாகவும் சொல்வதைப் போல. பீன்ஸ் என்பது ரகசியம், கொட்டுவது வெளியிடுவது என்று பாகம் பாகமாகப் பொருள் பிரிவதால் அது தாங்குகிறது. செத்துப்போவதைக் குறிக்கும் ‘கிக் தி பக்கெட்’ அப்படிப் பிரியாது. அதைத் திருப்பிப் போட்டால் யாரோ நிஜ வாளியை உதைத்ததாகத்தான் தோன்றும். ‘மண்டையைப் போட்டான்’ என்பதை ‘மண்டை போடப்பட்டது’ என்று சொல்லிப் பாருங்கள், காரணம் விளங்கும்.

அந்த ஒப்பீடு இன்னொன்றையும் காட்டுகிறது. இரங்கல் செய்தியில் ‘மண்டையைப் போட்டார்’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘கிக் தி பக்கெட்’டுக்கும் அதே தரம்தான். ஆனால் பொருள் பட்டியல்களில் ‘இறத்தல்’ என்று மட்டும் போட்டு முடித்துவிடுகிறார்கள். ‘அண்டர் தி வெதர்’ லேசான உடல்நலக் குறைவுக்கு உரியது, புற்றுநோய்க்கு அல்ல. கொட்டும் மழையைச் சொல்லும் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ தொடரை எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், தேய்ந்துபோன உரையாடல்களைக் கேலி செய்து 1738இல் வெளியிட்ட நூலிலேயே பயன்படுத்திவிட்டார். நம் பாடங்களில் மட்டும் அது இன்னும் புதுசு! அதே மழைக்குப் பிரிட்டனில் ‘இட்ஸ் பக்கெட்டிங் டவுன்’ என்பார்கள். இந்த வாளிக்குச் சாவோடு சம்பந்தமில்லை.

நாடு மாறினாலும் பொருள் மாறும். ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் அதை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இதற்காக நெடுநேரம் காரசாரமாக மோதியதையும், பிறகுதான் இரு தரப்பும் கேட்பது ஒன்றே என்று புரிந்ததையும் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். இன்றும் இரு நாட்டவரும் இருக்கும் கூட்டக் குறிப்பில் அந்தச் சொல் வேண்டாம். ‘டிஸ்கஸ்’ அல்லது ‘போஸ்ட்போன்’ போதும். தன்விவரக் குறிப்பில் வரும் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ இன்னும் ஆபத்து. இந்திய ஆங்கிலத்தில் அது படிப்பை முடித்தது. வெளிநாட்டு வாசகருக்கு மயங்கி விழுந்தது. ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதிவிடுங்கள்.

புதுத் தொடர் ஒன்றைக் குறிக்கும்போது தனிப் பொருளை எழுதாமல், அது வந்த முழு வாக்கியத்தையும், யார் யாரிடம் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். பக்கத்தில் தமிழ்ச் சொல் வேண்டுமென்றால், படிமத்தை விட்டுவிட்டு அதே சூழலில் நாம் என்ன சொல்வோம் என்று பாருங்கள். ‘பிரேக் எ லெக்’குக்கு நேராகக் கால் வரக்கூடாது, மேடையேறப் போகிறவரிடம் நாம் சொல்லும் ‘ஜமாய்ச்சிடு’தான் வரவேண்டும். பிறகு, கற்போருக்கான அகராதியில் அந்தத் தொடரருகே ‘இன்ஃபார்மல்’, ‘ஓல்டு ஃபேஷண்டு’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் குறி இருந்தால் அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். இரண்டாவது இருந்தால், படிக்கும்போது புரிந்தால் போதும், வாயில் வரவேண்டியதில்லை.