மேலோட்டம்: படகு எங்கே சறுக்குகிறது?

குளச்சலில் ஒரு எஞ்சின் பட்டறைச் சுவரில் தமிழாக்கிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. 'படகு திட்டமிடத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரைக் குறைக்கவும்.' வேகமெடுத்த படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகாமல் அதன் மேற்பரப்பில் ஓடுவதுதான் பிளேனிங். அதை யாரோ பிளானிங் என்று படித்திருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் படித்தவர்களே பிளேனிங்கை 'நீர்ச்சறுக்கு' என்று எழுதும்போது சிரிப்பு வருவதில்லை.

பருந்து சிறகை அசைக்காமல் மிதப்பதைச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது பிளேனிங். வேர் தட்டையைக் குறிக்கும் லத்தீன். அது போதும்.

சறுக்குவது சரிவில், அதுவும் பிடி விட்டுப்போய். படகோட்டத்தில் சறுக்கல் வேறு: வேகமாகத் திருப்பும்போது பின்புறம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகுமே, அது. போதாததற்கு, கயிற்றைப் பிடித்துப் பலகையில் போகும் விளையாட்டுக்கு நீர்ச்சறுக்கு என்று ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று. ஒரே சொல்லை எத்தனை பேருக்குக் கட்டிவைப்பது?

'எழும்புதல்' என்பாரும் உண்டு. அது இன்னும் ஆபத்து. தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் மருமகன் 16 அடி ஃபைபர் படகின் ஆக்சிலேட்டரை முறுக்கினான். அணியம், அதாவது படகின் முன்பக்கம், வானத்தைப் பார்த்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. எழும்பிவிட்டதாம்! உண்மையில் தான் கிளப்பிய அலையின்மேலேயே ஏற முடியாமல் படகு திணறிக்கொண்டிருந்தது. அந்த நீளத்துக்கு மணிக்கு 10 கிலோமீட்டர் வாக்கில் இந்த அலைமேடு வந்துவிடும்.

"மக்கா, கேனைத் தூக்கி முன்னால வை" என்றேன். பின்னால் கிடந்த இரண்டு மண்ணெண்ணெய்க் கேன்களும் முன்னே போயின. எஞ்சினின் சாய்வை நிறுத்தும் ஊசியையும் ஒரு துளை உள்ளே தள்ளினோம். மறுபடி முறுக்கியதும் அணியம் இறங்கியது, பக்கத்தில் தெறித்த தண்ணீர் பின்னால் நகர்ந்தது, எஞ்சின் சத்தம் இலகுவானது. அப்போதுதான் பிளேனிங். தண்ணீரை விலக்கிக்கொண்டு போன படகு, அடித்தட்டில் முட்டும் நீரின் தூக்குதலில் மேலாக ஓடுகிறது.

மேலாக ஓடினால் மேலோட்டம். சொல் நம்மிடமே கிடக்கிறது. 'மேலோட்டமாகப் படித்தான்' என்பதோடு குழம்பும் என்றார் ஒரு நண்பர். ஆழத்துக்குள் போகாமல் மேலே ஓடுவதுதானே அதுவும்! வினையாக்கினால் 'படகு மேலோடுகிறது'. நீர்ச்சறுக்கை வினையாக்கிப் பார்க்கட்டும். அகராதியைத் தவிர வேறெதையும் தொடாதவர்கள் மொழிபெயர்த்தால், அப்புறம் பட்டறைப் பையன்கள் 'பிளேனிங்' என்றுதான் சொல்வார்கள்.

தாளில் 'திட்டமிட' என்பதை அடித்துவிட்டு 'மேலோட' என்று பேனாவால் எழுதி வந்தேன். அடுத்த முறை போனபோது அதன்மேல் யாரோ கிரீஸ் கையைத் துடைத்திருந்தார்கள்.