இடைவெளி அல்ல, அகலம்

எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் அமையும் மானோஸ்பேஸ் எழுத்துருவை 'ஒற்றை இடைவெளி எழுத்துரு' என்று எழுதுவது நிற்பதாகத் தெரியவில்லை. இணையதள வடிவமைப்பு பற்றிய குறிப்பு எதைத் திறந்தாலும் அதுதான்.

வேர்க்கதை சின்னது. மோனோ கிரேக்கம், 'ஒன்று' என்று பொருள். ஸ்பேஸ் லத்தீன் வழி வந்தது. தட்டச்சுப் பொறியில் எந்த விசையைத் தட்டினாலும் தாள் ஒரே அளவுதான் நகரும். ஆகவே எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஐபிஎம் பொறிகளுக்காக 1950களில் வரையப்பட்ட கூரியர் இந்த வகை.

வம்பெல்லாம் ஸ்பேஸில்தான். இங்கே அது எழுத்து உட்காரும் இடம். தமிழில் இடைவெளி என்றால் இரண்டுக்கு நடுவே இருப்பது. 'ஒற்றை இடைவெளி' என்றதும் வாசகருக்கு வரிகளுக்கு நடுவே விடும் வெளிதான் நினைவுக்கு வரும். சரி, திருத்துவோம் என்று சிலர் 'சம இடைவெளி எழுத்துரு' என்கிறார்கள். இது இன்னும் மோசம், உண்மைக்கு நேர்மாறு. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'ஐ' ஒல்லி, 'எம்' பருமன். இரண்டையும் ஒரே அகலத்தில் அடைத்தால் 'ஐ'யின் இருபுறமும் வெறுமை மிஞ்சும், 'எம்' நெருக்கியடித்து நிற்கும். சமமாக இருப்பது அகலம். சமமில்லாமல் போவதே இடைவெளிதான்! இடைவெளி கண்ணுக்குச் சீராகப் படுவது ஏரியல், வெர்டானா போன்ற, எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் எழுத்துருக்களில்.

எனவே 'சம அகல எழுத்துரு' என்போம். 'ஓரகல' கச்சிதம்தான், ஆனால் ஓரம் அகல என்று பிரித்துப் படிக்கத் தோன்றுகிறது. 'நிலையகல' பிழையில்லை, கொஞ்சம் விறைப்பு. எழுத்துருவைத் திரையில் பார்க்காமல், சொல்லை மட்டும் இரண்டாக வெட்டி ஆளுக்கொரு அகராதிப் பொருள் ஒட்டுகிறவரைக்கும் இப்படித்தான் வரும்.

அடுத்து சான்ஸ் செரிஃப். சான்ஸ் என்றால் பிரெஞ்சில் 'இல்லாமல்'. செரிஃப், கோடு முடியுமிடத்தில் நீட்டும் சிறு முனைக்கோடு. 'முனைக்கோடில்லா எழுத்துரு' போதும். இதையும் சம அகலத்தையும் எதிரெதிர் வகைகளாகக் காட்டுகிறவர்கள் உண்டு. ஒன்று அகலத்தைப் பற்றியது, மற்றது கோட்டின் முனையைப் பற்றியது. கூரியர் முனைக்கோடுள்ள சம அகல எழுத்துரு. விண்டோஸின் கன்சோலாஸ், மேக்கின் மென்லோ, லினக்ஸில் பரவலான தேஜாவு சான்ஸ் மோனோ மூன்றும் முனைக்கோடில்லாச் சம அகல எழுத்துருக்கள். தளத்தில் இந்த மூன்றின் பெயரையும் வரிசையாகக் கொடுத்து, எதுவும் இல்லாத கணினிக்காகக் கடைசியில் மானோஸ்பேஸ் என்ற பொதுப்பெயரைச் சேர்ப்பது வழக்கம். அந்தப் பொதுப்பெயர், இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் கட்டளைச் சொல், அதை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட வேண்டும்.

அப்புறம், கன்சோலாஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது. நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதினால் விண்டோஸ் அந்த எழுத்துகளை நிர்மலா யுஐ போன்ற வேறோர் எழுத்துருவிலிருந்து எடுக்கும். 'ர'வுக்கு ஓர் அகலம், 'ணை'க்கு இன்னோர் அகலம், மேலும் கீழும் நேராக நிற்க வேண்டிய நெடுவரிசைகள் கோணிக்கொள்ளும்.