தீர்வை: ‘டாரிஃப்’ என்ற சொல்லும் அதற்கான தமிழும்

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அமெரிக்கா அறிவித்த நேரம். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கை முனைத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இந்த 44 வீதத்தை எங்கட அரசாங்கம் எங்கயிருந்து எடுத்துக் கட்டப்போகுது?”

அவரில் பிழை இல்லை. ‘இலங்கை மீது தீர்வை வரி’ என்ற மாதிரித்தான் அந்த நாட்களில் எங்கும் எழுதினார்கள். நம்மீது வரி என்றால் நாம்தானே கட்ட வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். உண்மையில் அந்தப் பணத்தை அமெரிக்கச் சுங்கத்துக்குக் கட்டுவது, நம் ஆடைகளை இறக்குமதி செய்யும் அமெரிக்க நிறுவனம். அது தன் கடையில் விலையை ஏற்றலாம். நம் தொழிற்சாலையிடம் விலையைக் குறைக்கச் சொல்லலாம். வேறு நாட்டுக்கே போய்விடலாம். அப்படித்தான் அடி இங்கே வந்து சேருகிறது. அந்த 44 ஆகஸ்ட்டில் 20 ஆக இறங்கியது. ஆனால் சொல்லால் வந்த குழப்பம் அப்படியே கிடக்கிறது.

முதலில் ‘டாரிஃப்’ எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். மூலம் அரபு. கிண்ணியா, மூதூர் மதரசாக்களில் ஓதியவர்களுக்கு ‘தஃரீஃப்’ என்ற சொல் பழக்கமானது: அறிவித்தல், அறிமுகம், வரையறை. மத்தியதரைக்கடல் வணிகர்கள் வழியாக அது இத்தாலிய மொழிக்குள் ‘தரிஃபா’ ஆகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனது. இன்ன பொருளுக்கு இன்ன தொகை என்று எழுதி அறிவிக்கும் பட்டியலைத்தான் அது குறித்தது. மின்கட்டணத்துக்கும் ஹோட்டல் அறை வாடகைக்கும் இதே சொல் வருவது அதனால்தான்.

தமிழுக்கு இந்தச் சரக்கு புதிதல்ல. குறள் 756 அரசனின் வருவாயில் ‘உல்கு பொருளை’ எண்ணுகிறது. உல்கு என்றால் சுங்கம். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் மூட்டைகளில் புலிமுத்திரை குத்தியதைச் சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்கு ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டப்பெயரே உண்டு. சுங்கம் என்ற சொல்லை வடமொழி சுல்கத்தோடும் பாளி சுங்கவோடும் சேர்த்துச் சொல்வார்கள். இன்று அது தொகையையும் குறிக்கிறது, அதை வாங்கும் திணைக்களத்தையும் குறிக்கிறது.

தீர்வை நல்ல தமிழ். ‘தீர்’ என்ற வினையடியில், போர்வை, பார்வை போலப் பிறந்தது. இவ்வளவு என்று தீர்த்துச் சொன்ன தொகை. அறிவித்த பட்டியல் என்ற அரபுப் பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் தமிழில் இல்லை என்பேன். தமிழ்நாட்டில் இது நிலவரியோடும், மதுவுக்கான ஆயத்தீர்வையோடும் ஒட்டிக்கொண்டது. இலங்கையில் துறைமுகத்தோடு நின்றது: சுங்கத் தீர்வை, தீர்வையற்ற கடை. அப்புறம் ஏன் ‘தீர்வை வரி’? நடுச்சென்டர் என்பது போல ஒரே பொருள் இரண்டு முறை வருகிறது. தீர்வை போதும். விளக்கம் வேண்டுமென்றால் ‘இறக்குமதித் தீர்வை’ என்று எழுதலாம். யார் கட்டுவது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

உள்ளூர்த் தொழிலைக் காக்கப் போடும் தீர்வைக்கு ‘பாதுகாப்புத் தீர்வை’ என்று எழுதுகிறார்கள். பாதுகாப்பு என்றதும் இங்கே நமக்கு நினைவுக்கு வருவது பாதுகாப்பு அமைச்சும் சோதனைச்சாவடியும். ‘காப்புத் தீர்வை’ என்பதே பொருத்தம். கோயில் திருவிழாவில் காப்புக் கட்டுவது குறித்த நாட்களுக்கு, முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். 1841இல் ஜெர்மானியப் பொருளியலாளர் பிரெட்ரிக் லிஸ்ட் வாதிட்டதும் ஏறக்குறைய அதுதான்: இளம் தொழில் நிமிரும்வரை காப்பு, பிறகு வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் 1817இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ இங்கிலாந்துத் துணியையும் போர்த்துக்கல் வைனையும் வைத்து, அவரவர் ஒப்பளவில் நன்றாகச் செய்வதைச் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் இலாபம் என்று காட்டினார்.

நம்மூரில் இந்த வாதத்தைப் பார்க்க சீனக்குடாவுக்குப் போனால் போதும். பிரிமா ஆலைக்குக் கோதுமை கப்பலில் வருகிறது, மாவாகி வெளியே போகிறது. தானியத்துக்குக் குறைந்த தீர்வை, வெளிநாட்டு மாவுக்குக் கூடிய தீர்வை என்று வைத்தால் அரைக்கும் தொழிலுக்குக் காப்பு. அங்கே வேலை செய்கிறவருக்கு அது சம்பளம். பாண் வாங்குகிறவருக்கு அது விலை. பல நேரம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். நிலாவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரரும் அப்படித்தான்: அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயத்துக்கு அறவீடு கூடினால் நிம்மதி, மற்ற மாதங்களில் அவரே சந்தையில் வாங்குகிறவர்.

1970களில் சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கியபோது யாழ்ப்பாணத்து விவசாயிகள் தலையெடுத்தார்கள்; அதே காலத்தில் பாணுக்கு வரிசையில் நின்றோம். 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தார். கடைகள் நிறைந்தன, தோட்டங்கள் அடிபட்டன. கவனிக்க வேண்டியது, 70களில் நடந்தது பெரும்பாலும் தீர்வை அல்ல, தடையும் அனுமதிப்பத்திரமும். தீர்வை விலையை ஏற்றும். தடை பொருளையே நிறுத்தும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதக்கூடாது.

அதனால்தான் கொள்கையைப் பேசும்போது ‘சுதந்திர வர்த்தகம்’ என்பதைவிட ‘தடையற்ற வணிகம்’ எனக்குச் சரியாகப் படுகிறது. சுதந்திரம் என்றால் யாருடையது என்று கேட்க வேண்டிவரும்; தடையற்ற என்றால் சரக்குக்குத் தடை இல்லை என்பது நேராகப் புரிகிறது. உடன்படிக்கையின் பெயரை மட்டும் மாற்ற முடியாது. 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை அப்படியே எழுதுவோம். ஆனால் தீர்வைச் சலுகை இல்லாத பொருட்களின் பட்டியல் ஒன்றும் அதற்குள் இருக்கிறது, நம் விவசாயப் பொருட்கள் பல அதில் இருக்கின்றன என்பதையும் கூடவே ஒரு வரி எழுத வேண்டும்.